அசையாத கிட்டார்: சின்ன கார்பன் ஃபைபர் கிட்டார்களை ஒப்பிட்டுப் பார்த்ததில்

"அப்பா, எனக்கு கிட்டார் வேணாம். விரல் ரொம்ப வலிக்குது."

மகள் இதைச் சொன்னபோது அவளுக்குப் பதினொரு வயது. நான் நம்பவில்லை. "எல்லாருக்கும் ஆரம்பத்துல வலிக்கத்தான் செய்யும். ரெண்டு மாசம் விடாம வாசி, தோல் கெட்டியாயிடும்" என்று எல்லா அப்பாக்களும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். பாவம், இன்னும் மூன்று வாரம் முயற்சி செய்தாள். அப்புறம் கிட்டாரைத் தூக்கி அலமாரி மேலே வைத்துவிட்டாள். கோளாறு அவள் விரலில் இல்லை, கிட்டாரில்தான் என்று எனக்குத் தெரியவர ஏழு மாதம் ஆனது.

அந்த ஏழு மாதக் குற்ற உணர்வில் படித்ததும், அளந்ததும், கணக்குப் போட்டதும்தான் இந்தக் குறிப்பு. சின்ன அளவு கார்பன் ஃபைபர் கிட்டார் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். நான் இசைக் கலைஞன் கிடையாது, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அதனால் 'தேன் மாதிரி நாதம்' என்றெல்லாம் எழுத வராது. எது எப்படி வேலை செய்கிறது, எங்கே உடைகிறது என்று மட்டும் பார்க்கலாம்.

மரத்தில் என்ன பிரச்சினை?

எங்கள் வீட்டில் முதலில் இருந்தது ஒரு சாதாரண மரக் கிட்டார். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். மரக் கிட்டார் செய்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு 45 முதல் 55 சதவீதம். மரம் ஈரத்தைக் குடித்தால் நார்களுக்குக் குறுக்கே விரியும். கிட்டாரின் முன்பலகை மெல்லியது. அதன் ஓரங்கள் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் விரிய வழியில்லாமல் மேலே உப்பும். அதன் மேல் ஒட்டியிருக்கும் பிரிட்ஜும் கூடவே ஏறும். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே இருக்கும் உயரத்தை 'ஆக்‌ஷன்' என்பார்கள். அது கூடிவிடும். அதே கிட்டாரை இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் வைத்தால் எதிர்த்திசையில் போகும்: பலகை சுருங்கி உள்வாங்கும், ரொம்பக் காய்ந்தால் வெடிக்கவும் செய்யும்.

பகலில் மழை ஈரம், இரவில் ஏசி. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் மரக் கிட்டார் மூன்றாவது வருடத்தில் பிரிட்ஜ் பக்கம் தூக்கிக்கொண்டது. 'ஈரம் குடிக்காத பொருளில் செய்த கிட்டார் கிடைக்காதா?' என்று தேடியபோதுதான் கார்பன் ஃபைபர் கண்ணில் பட்டது.

வெளியாட்கள் செய்த கிட்டார்

இந்தத் துறையின் வரலாற்றில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இதைத் தொடங்கியவர்களில் பலர் பரம்பரைக் கிட்டார் ஆசாரிகள் கிடையாது. ஹெலிகாப்டர் தயாரித்துக்கொண்டிருந்த சார்லஸ் கமன் 1966-இல் ஓவேஷன் கிட்டாரைக் கொண்டுவந்தார். அதன் வட்டமான முதுகு கண்ணாடி இழையால் ஆனது. 1976-இல் அதே நிறுவனம் அடமாஸ் என்ற கிட்டாரின் முன்பலகையில் கார்பன் இழையைப் பயன்படுத்தியது. பிறகு ஹவாயின் மாவி தீவில் ஜான் டெக்கர் என்ற இயற்பியலாளர், முழுக்கவும் கார்பனால் ஆன ரெயின்சாங் கிட்டாரை உருவாக்கினார். மழைக்குப் பயப்பட வேண்டாம் என்பது பெயரிலேயே இருக்கிறது. அந்த நிறுவனம் பின்னர் வாஷிங்டன் மாநிலத்தின் வுடின்வில்லுக்கு இடம் மாறியது. லூசியானாவின் லஃபாயெட் நகரில் எல்லிஸ் சீல் 1999-இல் தொடங்கிய கம்போசிட் அக்கூஸ்டிக்ஸ் நிறுவனத்தின் 'கார்கோ'தான் சின்ன கார்பன் கிட்டார்களில் நிறையப் பேசப்பட்ட மாடல். 2010-இல் அந்த நிறுவனம் மூடப்பட்டு, பீவி அதை வாங்கித் தயாரிப்பைத் தொடர்ந்தது. அயர்லாந்தின் டோனிகலில் அலிஸ்டர் ஹே நடத்தும் எமரால்டு, விஸ்கான்சினில் மேத்யூஸ் வில்-அம்பு நிறுவனத்தை நடத்தும் மேட் மெக்ஃபெர்சனின் கிட்டார்கள், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜோ லட்வாக் தொடங்கிய பிளாக்பேர்டு என்று பட்டியல் நீள்கிறது.

ஹெலிகாப்டர், இயற்பியல், வில்-அம்பு. இவர்களுக்கு மரத்தின் மீது பக்தி இல்லை. 'லேசாக இருக்கணும், விறைப்பாக இருக்கணும், ஈரத்தால் அசையக் கூடாது' என்ற தேவையில் இருந்துதான் ஆரம்பித்தார்கள்.

எண்களில் பார்த்தால்: கிட்டார் முன்பலகைக்கு வழக்கமாகப் பயன்படும் ஸ்புரூஸ் மரத்தின் விறைப்பு நார்ப் போக்கில் சுமார் 10 கிகாபாஸ்கல். நாருக்குக் குறுக்கே 1-க்கும் கீழே. ஒரே திசையில் அடுக்கிய கார்பன் இழை, எபாக்ஸி ரெசினோடு சேர்ந்தால் அந்தத் திசையில் 130 வாக்கில் வரும். எடையும் கூடுதல்தான்: ஸ்புரூஸ் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.4 கிராம், கார்பன் கலவை 1.6 கிராம். அதனால் பலகையை மிக மெல்லியதாகச் செய்கிறார்கள். இழைகளை எந்தத் திசையில் எத்தனை அடுக்கு வைப்பது என்பது முழுக்க வடிவமைப்பவர் கையில். ரெயின்சாங் இப்படி அடுக்குகளை வைத்தே, மரக் கிட்டாரின் உள்ளே பலகைக்கு முட்டுக்கொடுக்கும் குறுக்குச் சட்டங்கள் இல்லாமல் முன்பலகை செய்கிறது.

ஒரே பெயர், இரண்டு பொருள்

இங்கேதான் நான் ஏமாந்தேன். விளம்பரத்தில் 'கார்பன் ஃபைபர் கிட்டார்' என்று போட்டிருந்தால் அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம்.

முதல் வகை, நீள இழையை அடுக்கிச் செய்வது. துணி மாதிரி நெய்த கார்பன் இழைகளை அச்சில் அடுக்கடுக்காகப் பரப்பி, ரெசின் ஊட்டி, அழுத்தம் கொடுத்து இறுக வைப்பார்கள். இழை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடும். ரெயின்சாங், எமரால்டு, கார்கோ, மெக்ஃபெர்சன் எல்லாம் இந்த வகை. கைவேலை நிறைய, விலையும் அப்படித்தான்.

இரண்டாவது வகை, துண்டு இழையைப் பிளாஸ்டிக்கில் கலந்து செய்வது. குட்டையாக நறுக்கிய கார்பன் இழையை உருகிய பிளாஸ்டிக்கோடு கலந்து அச்சுக்குள் பீய்ச்சுவார்கள். நம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் அதே இன்ஜெக்‌ஷன் மோல்டிங் முறை. சீனாவின் லாவா நிறுவனத்தின் 'மீ' வரிசைக் கிட்டார்களில் ஏர்கார்பன் என்று அவர்கள் அழைக்கும் பொருளும், எனியா நிறுவனத்தின் நோவா கோ வரிசையில் வரும் பாலிகார்பனேட் கலவையும் இந்தக் குடும்பம். இந்த மாதிரிக் கலவைகளின் விறைப்பு பெரும்பாலும் 10 முதல் 25 கிகாபாஸ்கலுக்குள் இருக்கும்.

இரண்டாவது வகை மட்டம் என்று சொல்ல வரவில்லை. 10 என்பதே ஸ்புரூஸின் நார்ப் போக்கு விறைப்பு. அச்சு துல்லியமாக இருந்தால் ஆயிரமாவது கிட்டாரும் முதல் கிட்டார் போலவே வரும். ஈரத்துக்கும் பெரிதாக அசையாது. ஆனால் விலையை ஒப்பிடும்போது இரண்டும் வேறு வேறு பொருள் என்ற நினைப்பு வேண்டும். 'அதே கார்பன் ஃபைபர், கால் விலையில்' என்று நான் நினைத்தது என் அறியாமை.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? செல்ஃபோன் டார்ச்சை ஒலித்துளைக்குள் அடித்துப் பாருங்கள். நெய்த துணியின் பின்னல் உள்பக்கமும் தெரிந்தால் முதல் வகை. உள்ளே ஒரே சீரான கறுப்பு அல்லது சாம்பல் நிறம், அச்சு சேர்ந்த கோடு, சின்னச் சின்ன வார்ப்பு விளிம்புகள் தெரிந்தால் பெரும்பாலும் இரண்டாவது. வெளிப்பக்கப் பின்னலை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அலங்காரத்துக்காக மேலே ஒட்டிய மெல்லிய தோலாகவும் இருக்கலாம்.

அசையாதது என்றால், திருத்தவும் முடியாதது

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் ஆன்லைனில் வாங்கியது இரண்டாவது வகையில் ஒரு சின்ன கிட்டார். எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை. பார்க்க அழகு, தட்டினால் டங் என்று கெட்டி, ட்யூனிங் நின்றது. மகளுக்கு எஃப் கார்டு மட்டும் வரவே இல்லை. ஜி, சி பிடித்தாலே முகம் சுளிப்பாள். மீதிதான் மேலே சொன்னேனே.

ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துத் தூசி தட்டினேன். பாடுவதற்குச் சுருதி ஏற்ற வேண்டும் என்று இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி வாசித்தால் வெண்ணெய் மாதிரி இருந்தது. கேப்போவைக் கழற்றினால் விரல் கதறுகிறது. மென்பொருள்காரன் புத்தி அப்போதுதான் வேலை செய்தது. ஒரு பிழை எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் நிரலைப் பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடுவோம். இங்கே கேப்போ அதைத்தான் செய்திருக்கிறது. கேப்போ மாட்டினால் 'நட்' என்ற பாகம் கணக்கிலிருந்தே விலகிவிடும். நெக்கின் தலைப்பக்கம், கம்பிகள் உட்காரும் வெட்டுகள் உள்ள வெள்ளைத் துண்டுதான் நட். அது விலகியதும் வாசிப்பு சுகமாகிறது என்றால் கோளாறு அங்கேதான்.

அளக்க ஒரு எளிய வழி உண்டு. கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சாதாரண வெள்ளைத்தாளின் தடிமன், அதாவது 0.1 மிமீ, அல்லது அதற்கும் கீழே இருந்தால் நல்லது. என் கிட்டாரில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. நட்டின் வெட்டுகளை ஆழமாகப் போடாமலே அனுப்பியிருக்கிறார்கள். முதல் மூன்று ஃப்ரெட்டில் வாசிக்கும் ஒவ்வொரு கார்டுக்கும் குழந்தை இரண்டு மடங்கு அழுத்த வேண்டியிருந்திருக்கிறது. ஆரம்ப நிலையில் வாசிப்பது எல்லாமே அந்த மூன்று ஃப்ரெட்டுக்குள்தான்!

கிட்டார் சரிசெய்யும் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அரைமணி நேரத்தில் சின்ன அரத்தால் ஆறு வெட்டையும் ஆழப்படுத்திக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்:

"சார், நல்ல காலம், நட்டோட போச்சு. நெக் கோணம் தப்பா இருந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. இதுல கழட்ட நெக்கும் இல்ல, திருக ராடும் இல்ல."

மரக் கிட்டார் அசையும் என்பதால் அதைத் திருத்தவும் நூறு வழி வைத்திருக்கிறார்கள். நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருக்கும். அதைத் திருகி நெக்கின் வளைவை மாற்றலாம். நெக்கையே கழற்றிக் கோணம் மாற்றி மறுபடி பொருத்தலாம். பிரிட்ஜை இழைக்கலாம். ஒரே வார்ப்பாக வரும் கார்பன் கிட்டார்களில் இதில் பல வழிகள் கிடையாது. ரெயின்சாங் கிட்டார்கள் பலவற்றில் ட்ரஸ் ராடே இல்லை, நெக் வளையாது என்ற நம்பிக்கைதான். அச்சிலிருந்து வெளியே வந்த அன்று நெக் கோணம் சரியாக இருந்தால் உங்கள் பேரன் வாசிக்கும்போதும் சரியாக இருக்கும். அன்று தப்பாக இருந்தால் பேரனுக்கும் அதே தப்பு.

அதனால் இவற்றின் கட்டுமானத் தரம் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பளபளப்போ பின்னல் அழகோ அப்புறம். அச்சின் வடிவக்கணிதம் சரியா, அதை அளந்துதான் வெளியே அனுப்பினார்களா என்பது முதலில். நீள இழைக் கிட்டார்களுக்கு நாம் கொடுக்கும் அதிக விலையில் ஒரு பகுதி இழைக்கு, இன்னொரு பகுதி ஒரு மனிதர் உட்கார்ந்து ஃப்ரெட்டைச் சமன்செய்து, நட்டை வெட்டி, வாசித்துப் பார்க்கும் நேரத்துக்கு. விலை குறைந்த கிட்டாரில் முதலில் கைவைப்பது அந்த நேரத்தில்தான்.

எதைத் திருத்தலாம், எதை முடியாது என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. நட் வெட்டு, சேடில் உயரம், ஓரிரு ஃப்ரெட்டின் மேடு இவற்றைத் திருத்தலாம். சேடில் என்பது பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைப் பட்டை. பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் நட்ட நடுவில் இருப்பதால், அங்கே அரை மிமீ இறங்க வேண்டும் என்றால் சேடிலை ஒரு மிமீ குறைக்க வேண்டும். அதாவது பிரிட்ஜுக்கு மேலே சேடில் போதிய அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நெக் கோணம், முறுக்கிய நெக், தப்பான இடத்தில் உட்கார்ந்த பிரிட்ஜ் இவற்றைத் திருத்த முடியாது. திருப்பி அனுப்புவதுதான் வழி.

இடைப்பட்ட தீர்வுகளும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து வரும் க்ளோஸ் நிறுவனம் தன் முதல் மாடல்களில் உடலைக் கார்பனிலும் நெக்கை மரத்திலும் செய்து, ட்ரஸ் ராடும் வைத்தது. அசையக்கூடிய பாகம் ஒன்று உள்ளே வந்துவிடுகிறது, ஆனால் திருத்தும் வசதியும் கூடவே வருகிறது. ஜர்னி நிறுவனத்தின் ஓஎஃப்660 கிட்டாரில் நெக்கைத் தனியாகக் கழற்றிப் பையில் வைக்கலாம். விமானப் பயணத்துக்கு அருமை. ஆனால் கழற்றி மாட்டும் எந்த இணைப்பும் தேயக்கூடிய இணைப்புதான். அதனால் வாங்கும்போது அந்த இணைப்பு ஆடுகிறதா என்று நாலு தடவை கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும்.

சின்ன அளவு என்ன செய்கிறது?

நட் முதல் சேடில் வரை கம்பி அதிரும் நீளத்தை 'ஸ்கேல்' என்பார்கள். முழு அளவுக் கிட்டாரில் இது 25.5 அங்குலம் வாக்கில் இருக்கும். கார்கோவில் 22.75, ஓஎஃப்660-இல் 24.5.

ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 22.75-ஐ 25.5-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.80 வரும். அதாவது இழுவிசை 20 சதவீதம் குறைவு. விரலுக்கு அந்த அளவு இலகு. ஃப்ரெட்டுகளும் நெருங்கும். நட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை முழு அளவில் சுமார் 134 மிமீ, கார்கோவில் சுமார் 119 மிமீ. பதினைந்து மிமீ என்பது ஒரு குழந்தையின் சுண்டுவிரலுக்கு எட்டும் எட்டாது என்கிற வித்தியாசம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். முழு அளவுக் கிட்டாரில் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டுங்கள். மிச்சமிருக்கும் நீளம் 22.7 அங்குலம், ஏறக்குறைய கார்கோவின் ஸ்கேல்! விரலுக்கு அந்த இடைவெளி ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம். (நெக்கின் அகலம், இழுவிசை இரண்டும் இதில் தெரியாது என்பதை மறக்க வேண்டாம்.)

இழுவிசை குறைவதற்கு ஒரு விலை உண்டு. கம்பி தொளதொள என்று ஆகி, பலமாக மீட்டினால் ஃப்ரெட்டில் உரசிக் 'கிர்' என்று சத்தம் வரும். அதைத் தவிர்க்க ஆக்‌ஷனை உயர்த்தினால் மறுபடி விரல் வலி. வேறு வழி தடித்த கம்பி. முழு அளவில் 12 என்ற அளவுக் கம்பி போடுபவர் 22.75-இல் 13 போட்டால், முதல் கம்பியின் இழுவிசை பழைய கிட்டாரின் 93 சதவீதத்துக்கு வந்துவிடும். வயது வந்தவர்கள் கார்கோ மாதிரிக் கிட்டாருக்கு இப்படிச் செய்யலாம். குழந்தைக்கு வேண்டாம். மென்மையாக மீட்டச் சொல்லிக்கொடுப்பது மேல்.

அடுத்து நாதம். கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் ஒரு சொந்த சுருதி உண்டு. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'ஊம்' என்று வருமே, அதே கதை. பெரிய கிட்டாரில் அது 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். பெட்டி சுருங்கினால் அது மேலே ஏறும். ஆனால் ஆறாவது கம்பியின் அடிப்படை அதிர்வு 82 ஹெர்ட்ஸ். அதனால் சின்ன கிட்டாரில் அடித்தட்டு நாதம் மெலிந்துதான் வரும். கார்பன் இதை மாயமாக மாற்றாது. மெல்லிய சுவர் என்பதால் அதே வெளி அளவில் உள்ளே கொஞ்சம் கூடுதல் காற்று கிடைக்கும். பிளாக்பேர்டு தன் ரைடர் மாடலில் நெக்கையும் உள்ளே வெற்றிடமாகச் செய்து இன்னும் கொஞ்சம் சேர்த்தது. அவ்வளவுதான் முடியும். வீட்டில் உட்கார்ந்து பாடுவதற்குப் போதும். பெரிய கூடத்தில் பத்துப் பேரோடு சேர்ந்து வாசிக்கப் போதாது.

நம்பக்கூடாத மூன்று விஷயங்கள்

ஒன்று, 'கார்பன் கிட்டார் சுருதி இறங்காது.' ஈரத்தால் இறங்காது, உண்மைதான். ஆனால் கம்பி இரும்புதானே? வெயிலில் இரும்பு நீளும், கார்பன் உடல் ஏறக்குறைய நீளாது. கணக்குப் போட்டால் 10 டிகிரி செல்சியஸ் ஏறும்போது முதல் கம்பி சுமார் 15 சென்ட் இறங்க வேண்டும். அரைச் சுருதி என்பது 100 சென்ட். காதுக்குத் தெரியும் அளவுதான். ஏசி அறையிலிருந்து மொட்டைமாடிக்குப் போனால் மறுபடி ட்யூன் பண்ண வேண்டும். கடற்கரைக் காற்றில் கம்பி துருப்பிடிப்பதும் அப்படியே தொடரும்.

இரண்டு, 'காரிலேயே போட்டு வைக்கலாம்.' மழைக்குச் சரி. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும். சாதாரண அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸி ரெசின்கள் பல 50 முதல் 70 டிகிரிக்குள் இளக ஆரம்பிக்கும். அடுப்பில் வைத்து இறுக்கியவை இதைவிடத் தாங்கும். முழு அளவுக் கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன, சின்னதில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. இளகிய நேரத்தில் அந்த இழுவை கோணத்தை மாற்றிவிட்டால், மேலே சொன்ன மாதிரி, திருத்த வழியில்லை.

மூன்று, 'வாழ்நாள் முழுக்க வரும்.' உடல் வரும். லாவா மீ 3 மாதிரி தொடுதிரை வைத்த கிட்டார்களைப் பார்க்கும்போது எனக்குத் தொழில் சார்ந்த ஒரு சந்தேகம் வருகிறது. கார்பன் உடலுக்கு ஐம்பது வருடம் ஒன்றும் பெரிதில்லை. அதில் ஒட்டியிருக்கும் திரைக்கும் பேட்டரிக்கும் மென்பொருளுக்கும் எத்தனை வருடம்? நாங்கள் எழுதும் எதுவும் பத்து வருடம் தாங்கி நான் பார்த்ததில்லை. திரை செத்த பிறகும் நல்ல கிட்டாராக இருக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது

பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு கேப்போ, செல்ஃபோனில் ஒரு ட்யூனர். இவை போதும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

1. முதலில் ட்யூன் செய்யுங்கள். ட்யூன் செய்யாமல் அளந்தால் எல்லா அளவும் பொய்.

2. தலைப்பக்கமிருந்து நெக் வழியாக ஒரு கண்ணால் பாருங்கள். முறுக்கு இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

3. மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் இடைவெளி பாருங்கள். தாள் அளவுக்கு மேல் இருந்தால் நட் வேலை பாக்கி. திருத்தலாம், ஆனால் விலையில் கழித்துக் கேளுங்கள்.

4. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் உயரம் அளங்கள். ஆறாவது கம்பி 2.4 மிமீ, முதல் கம்பி 1.6 மிமீ பக்கம் இருந்தால் சுகம். அதைவிட உயரமாக இருந்து, சேடிலும் ஏற்கனவே தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் அது நெக் கோணப் பிரச்சினை. வேண்டாம்.

5. ஒவ்வொரு கம்பியிலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அழுத்தாமல் லேசாகத் தொட்டு ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை மீட்டுங்கள். இரண்டும் ட்யூனரில் சில சென்ட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். பெரிய வித்தியாசம் என்றால் பிரிட்ஜ் இடம் தப்பு.

6. எல்லா ஃப்ரெட்டையும் எல்லாக் கம்பியிலும் ஒருமுறை மீட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. எங்கேயாவது கிர் என்றால் ஃப்ரெட் சமமில்லை.

7. ஆன்லைன் என்றால், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். வந்த அன்றே மேலே சொன்ன ஆறையும் செய்யுங்கள். நான் மாதிரி ஏழு மாதம் காத்திருக்காதீர்கள்.

எந்த வகை யாருக்கு?

மழையிலும் பயணத்திலும் தினமும் வாசிப்பவர், கையில் பணம் இருக்கிறது என்றால் நீள இழைக் கிட்டாருக்குச் செலவழிக்கலாம், வாசித்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால். ஈரமான ஊரில் ஆரம்ப நிலை மாணவருக்கு, அளந்து தேர்ந்தெடுத்த துண்டு இழைக் கிட்டார் தாராளமாகப் போதும். மாதம் ஒருமுறை மட்டும் எடுத்து வாசிப்பவர், வீட்டில் ஈரப்பதத்தைக் கவனிக்கும் பொறுமை உண்டு என்றால், அதே காசுக்கு மரத்தில் இதைவிட இனிமையான நாதம் கிடைக்கலாம். கார்பன் என்ற பெயருக்காக மட்டும் வாங்காதீர்கள்.

நட்டைச் சரிசெய்த கிட்டாரை வீட்டுக்குக் கொண்டு வந்து மகளிடம் கொடுத்தேன். "தப்பு உன் மேல இல்லம்மா, கிட்டார் மேல. நான்தான் பாக்கல" என்றேன். வாங்கி எஃப் கார்டு பிடித்துப் பார்த்தாள். ஆறு கம்பியும் ஒலித்தது. "அப்போ நான் சொன்னப்பவே பார்த்திருக்கலாம்ல?" என்றாள். பதில் சொல்ல எதுவுமில்லை. கிட்டார் வகுப்புக்கு அவள் திரும்பப் போகவில்லை. இப்போது கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். சில மாலைகளில் மட்டும் கிட்டாரை எடுத்து நாலு கார்டு வாசிப்பாள். அலமாரி மேலே இருந்து அது சோஃபா பக்கத்துக்கு வந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது 'விரல் வலிக்குது' என்றால், புத்தி சொல்வதற்கு முன்னால் முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ மாட்டிப் பாருங்கள்.